ஈரத் தலையோடு வந்த வாக்குகள்

உங்கள் மனைவி நேற்று இரண்டு சூட்கேஸ்களைக் கொண்டுவந்து என் வீட்டு விறாந்தையில் வைத்துவிட்டுப் போனார். தேநீர் குடிக்கக்கூட நிற்கவில்லை. திறந்தபோது பூச்சி உருண்டையும் சந்தனமும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. உள்ளே சால்வைகள். சரிகை வைத்தவை, வைக்காதவை, மயில் நீலம், அரக்குச் சிவப்பு, ஒன்றிரண்டில் குங்குமக் கறை. ஒரு பேரரசரை அடக்கம் செய்யப் போதுமான துணி. நியூ சவுத் வேல்ஸ் சட்டசபையில் இருபது வருடத்துக்கு மேல் ஓர் ஆசனத்தில் இருந்ததற்காக எங்கள் சமூகம் உங்களுக்குச் செலுத்திய வரி. இவற்றை என்ன செய்வதென்று எனக்குத் தெரியும் என்று உங்கள் மனைவி நம்புகிறார். எனக்கும் தெரியாது.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களால் வாசிக்க முடியாது. உயிரோடு இருந்தபோதும் முடியாதுதான். ஆகவே இதில் புதிய இழப்பு ஒன்றுமில்லை.

உங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னீர்கள். இந்த நாட்டில் பிரதமரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றீர்கள். நான் 'சேர்' என்றேன். அது பள்ளிக்கூடத்து நினைவுகளைக் கிளறுகிறது, வேண்டாம் என்றீர்கள். பிறகு நான் ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை. உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பேன், நீங்கள் நிமிர்ந்து பார்ப்பீர்கள், கதைக்கத் தொடங்குவேன். என் அம்மா என் அப்பாவிடம் நாற்பது வருடம் இந்த முறையில்தான் அலுவல் பார்த்தார். இங்கும் அதே ஏற்பாடு தொடரட்டும்.

ஒகாயோ மாநிலத்தில் சோளக் காட்டுக்கு நடுவே பிறந்தவர் நீங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னியில் ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்காவிலிருந்து விமானத்தில் ஏற்றிவரப்பட்டவர்களில் ஒருவர். இரண்டு வருட ஒப்பந்தம். கணக்குப் படிப்பிக்க வந்தீர்கள். பிள்ளைகள் உங்கள் உச்சரிப்பைப் படித்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபோது ஒரு பெண்ணையும், ஒரு வீட்டுக் கடனையும், உள்ளூராட்சிச் சபையில் ஓர் இடத்தையும் சம்பாதித்திருந்தீர்கள். பிறகு சட்டசபை. உங்கள் முதல் உரை ஒரு பாதசாரிக் கடவையைப் பற்றியது. கடைசி உரைக்கு முந்தியதும் அதே கடவையைப் பற்றியதுதான். கட்சிக்குள் கடைசிவரை உங்களை 'அமெரிக்கன்' என்றே சொன்னார்கள். உங்கள் வாயில் இங்கிலீஷ் தவிர வேறு மொழி இல்லாதபோதும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்பதை ஒருவரும் நிறுத்தவில்லை. எங்கள் ஆட்களைக் கண்டதும் உங்களுக்கு ஏற்பட்ட ஆறுதலுக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் எண்பத்து மூன்றின் முடிவில் வந்தேன். ஏன் அந்த வருடம் என்று எங்களில் ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை. அடுத்த வருடம் நீங்கள் முதன்முறையாகத் தெரிவாகி, பரமட்டாவுக்கு மேற்கே ஒரு கடைத்தெருவில் இறைச்சிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே அலுவலகம் திறந்தீர்கள். கொழும்பில் சிக்கியிருந்த என் தம்பிக்கு விசா எடுத்துத் தரச் சொல்லி வந்து நின்றேன். விசா கான்பராவின் வேலை, உங்கள் வேலை பள்ளிக்கூடமும் பஸ்ஸும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். மாநிலம், மத்தி என்று ஒரு தாளில் இரண்டு பெட்டி கீறியும் காட்டினீர்கள். நான் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டு, "அது சரி, தம்பிக்கு எப்ப கிடைக்கும்?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் எம்.பி. என்றால் எம்.பி.தான்.

கடைசியில் கான்பராவில் இருந்தவருக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள். அது விசாவை ஒரு நாள்கூட முன்னே நகர்த்தவில்லை. தம்பி தன் முறை வந்தபோது வந்தான். ஆனால் அம்மா சாகும்வரை அந்த விசாவைத் தந்தது நீங்கள்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். எங்கள் மத்தியில் உங்கள் புகழ் இப்படித்தான் பரவியது: நீங்கள் செய்யாத வேலைகளால். ஆறு மாதத்தில் உங்கள் வாசலில் எங்கள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவர்கள் சொல்வதை மொழிபெயர்க்க ஒருவர் தேவைப்பட்டார். எனக்கு வேலை கிடைத்தது.

சால்வைகள் அதற்குப் பிறகு. பொங்கலுக்கு ஒன்று, கலைவிழாவுக்கு ஒன்று, தமிழ்ச் சங்கம் இரண்டாகப் பிரிந்தபோது ஒவ்வொரு விழாவுக்கும் இரண்டு. காரின் பின்பெட்டியில் அவற்றைக் குவித்து வைத்திருந்தீர்கள். ஒருமுறை மேடையில் சங்கத் தலைவர் கிருபா அண்ணையை நீங்கள் கௌரவிக்க வேண்டும் என்று திடீரென அறிவித்தார்கள். கிருபா அண்ணை கணக்காளர். சங்கத்தின் தலைமையை அவரிடமிருந்து பறிக்க இதுவரை எந்த யாப்பு விதியாலும் முடியவில்லை. நீங்கள் காருக்கு ஓடிப்போய் ஒரு சால்வையை எடுத்துவந்து அவருக்குப் போர்த்தினீர்கள். சபை கைதட்டியது. அவர் என் பக்கம் குனிந்து, "இது நான் போன வருசம் இவருக்குப் போர்த்தினது எல்லே?" என்று கேட்டார். கோபம் இல்லை. தரமான துணி என்று அப்போதே தனக்குத் தெரியும் என்றார்.

செத்தவீடுகளை நீங்கள் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டீர்கள். முதல் முறை போனபோது, என்னிடம் படித்திருந்த 'போட்டு வாறன்' என்ற சொற்களை வாசலில் நின்று உரத்துச் சொன்னீர்கள். கல்யாண வீட்டில் அது பண்பு. செத்தவீட்டில் திரும்பி வருவேன் என்று சொன்னால் அடுத்தது யார் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், பார்த்தார்கள். காரில் உங்களுக்கு விளக்கினேன். செத்தவீட்டுக்கு அழைப்பு இல்லை, கேள்விப்பட்டால் போக வேண்டும். விடைபெறக் கூடாது. வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளிக்க வேண்டும். குளிக்காமல் வேறெங்கும் போகக் கூடாது, நல்ல காரியம் எதையும் தொடக் கூடாது. காரணம் கேட்டீர்கள். அம்மா சொன்னார் என்றேன். ஒகாயோவிலும் பாதி விஷயங்கள் அப்படித்தான் நடக்கின்றன என்றீர்கள். அன்றிலிருந்து எங்கள் ஆட்களின் ஒவ்வொரு செத்தவீட்டுக்குப் பிறகும் நீங்களும் குளித்தீர்கள். பட்டப்பகலில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் உங்கள் மனைவி, "இன்று யார்?" என்று கேட்பாராம்.

கந்தையா அங்கிளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. யாழ்ப்பாணத்தில் தபால் அதிபராக இருந்தவர். எங்கள் அலுவலகத்துக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருவார். முறைப்பாடு ஒன்றும் இல்லை. இருந்த ஒரேயொரு சாய்வுக் கதிரையில் அமர்ந்து, இலவசப் பத்திரிகையை வாசித்துவிட்டு, உங்களுக்குக் கிரிக்கெட் விளக்குவார். குறிப்பாக எல்.பி.டபிள்யூ. பென்சில் அழிறப்பரை விக்கெட்டாக வைத்து, தன் காலைக் காலாகவே வைத்து, பந்து எங்கே விழ வேண்டும், எங்கே படவேண்டும் என்று காட்டுவார். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த திங்கள் அதே கேள்வியைக் கேட்பீர்கள். அமெரிக்காவுக்கு மூளை குறைவு என்று போகும்போது என்னிடம் தமிழில் சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு உங்கள் கடைசி வருடம் வந்தது.

எங்கள் தொகுதியில் உங்கள் கட்சி ஒரு கழுதையை நிறுத்தினாலும் வெல்லும். அதனால் உண்மையான தேர்தல் முன்பே முடிந்துவிடும்: கட்சிக் கிளை உறுப்பினர்கள் ஒரு சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்து, கழுதையைத் தெரிவு செய்யும் நாளில். பல வருடங்களாக உங்களை எதிர்த்து ஒருவரும் நின்றதில்லை. அந்த முறை ஓர் இளம் சட்டத்தரணி நின்றார். நல்ல பல், நல்ல சூட், தலைமையகத்தில் நல்ல ஆட்கள். உங்களுக்கு வயதாகிவிட்டது என்று கண்ணியமாகச் சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

விலகிக்கொள்ளலாமே என்று நான் ஒரு மாலை கேட்டேன். மனைவிக்குப் பயணம் போக ஆசை, ஓய்வூதியம் இருக்கிறது. நீங்கள் ஜன்னல் வழியே சலவைக் கடையைப் பார்த்துக்கொண்டு, "இந்த வேலை இல்லாவிட்டால் காலையில் வீட்டை விட்டு இறங்கி எந்தப் பக்கம் நடப்பதென்று எனக்குத் தெரியாது. இன்னும் ஒரு தவணை. பிறகு நானே இறங்குகிறேன்" என்றீர்கள். இருபது வருடத்தில் உங்களுக்காக நீங்கள் எதையும் கேட்டு நான் கேட்டதில்லை. கிருபா அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

எங்கள் ஆட்களில் பலர் அதற்கு முன்பே கிளையில் உறுப்பினர்கள். கூட்டங்களுக்கு வந்து கையொப்பம் வைத்தால்தான் வாக்கு என்று விதி இருந்ததால், கோயில் கூட்டத்துக்கு வருவதுபோல் குடும்பமாக வந்தார்கள், வடையும் ரோல்ஸும் கொண்டு. கிளைச் செயலாளர் ஒரு மெலிந்த வெள்ளைக்கார மனிதர், ஓய்வுபெற்ற ரயில் கார்ட். தன் காலத்தில் கதிரைகள் போதாமல் போனது அப்போதுதான் என்று சொல்லி இரண்டாவது வடையை எடுப்பார். கணக்குச் சுலபம். மற்றவர்கள் பாதிக்குப் பாதி பிரிவார்கள். எங்கள் ஆட்கள் வந்தால் நீங்கள் வெல்வீர்கள். சட்டத்தரணியும் கணக்குத் தெரிந்தவர்தான். கிருபா அண்ணை வீட்டுக்கும் போனார். அவருக்கும் ஒரு சால்வை போர்த்தி அனுப்பியதாகக் கிருபா அண்ணையே என்னிடம் சொன்னார். "வீடு தேடி வந்தவர், பிள்ளை, வெறுங்கழுத்தோட அனுப்பேலுமே? வோட்டு எங்கட ஆளுக்குத்தான்."

வாக்களிப்பு நடந்த வாரம் கந்தையா அங்கிள் போய்விட்டார். தூக்கத்தில், ஒருவருக்கும் தொந்தரவில்லாமல். ரொறொன்ரோவிலிருந்து மகள் வந்து சேர வேண்டும், எல்லோருக்கும் லீவு நாளாக இருக்க வேண்டும். தகனத்தைச் சனிக்கிழமை காலைக்கு வைத்தார்கள். வாக்களிப்பு அதே சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்குக் கதவு மூடப்படும். நேரம் தாராளம் என்று கிருபா அண்ணை கணக்குப் போட்டார். எங்கள் ஆட்கள் ஒலிவாங்கியைக் கண்டால் என்ன செய்வார்கள் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மகன் பேசினார். மருமகன் பேசினார். தபால் திணைக்களத்து நண்பர் ஒருவர், முத்திரையின் வரலாற்றிலிருந்து தொடங்கினார். தகன மண்டபத்து ஊழியர் பின்கதவால் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அதே நேரத்தில் சட்டத்தரணி வாக்களிப்பு மண்டப வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் இப்போது எழும்பிப் போனால் ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள் என்று உங்கள் காதில் சொன்னேன். "அவர் ஒரு நாளும் பாதியில் எழும்பிப் போனதில்லை" என்றீர்கள். பிறகு உங்களையும் பேச அழைத்தார்கள். இரண்டே வசனம் பேசினீர்கள். "எல்.பி.டபிள்யூ எனக்கு முதல் மாதமே விளங்கிவிட்டது. அடுத்த திங்களும் அவர் வரவேண்டும் என்பதற்காக விளங்காத மாதிரி இருந்தேன்." நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்போது மகள் எழும்பி வெளியே போனார்.

வெளியே கார்த் தரிப்பிடத்தில் எல்லோரும் நின்றோம். கிருபா அண்ணை கையைத் தட்டி, "எல்லாரும் நேர ஹோலுக்குப் போவம். குளிப்பைப் பிறகு பாப்பம்" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. மகேஸ் அன்ரிதான் வாயைத் திறந்தார். கந்தையா அங்கிளின் மச்சாள்; கிளைக் கூட்டங்களுக்கு வடை சுட்டு வந்தவர்.

"கிருபா, உனக்கென்ன விசரே? செத்தவீட்டுத் துடக்கோட போயோ அந்த மனுசனுக்கு வோட்டுப் போடுறது? அவருக்கு நல்லது நடக்க வேணுமெண்டுதானே போடுறம்?"

"அன்ரி, ரெண்டு மணிக்குக் கதவைப் பூட்டிப்போடுவாங்கள்."

"அப்ப நிண்டு கதைக்காமல் கெதியாப் போய்க் குளி."

என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டீர்கள். அப்படியே மொழிபெயர்த்தேன். மணிக்கூட்டைப் பார்த்தீர்கள். மகேஸ் அன்ரியைப் பார்த்தீர்கள். உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருந்தால் அத்தனை கார்களும் நேராக மண்டபத்துக்குத் திரும்பியிருக்கும். அது உங்களுக்கும் தெரியும். "சரி, குளிக்கட்டும். தலை காயும்வரை நிற்க வேண்டாம் என்று மட்டும் சொல்" என்றீர்கள். நீங்களும் குளிக்கப் போனீர்கள்.

மேற்கு சிட்னியின் குளியலறைகளைப் பற்றி எந்த அரசியல் ஆய்வாளரும் எழுதியதில்லை. எழுத வேண்டும். எங்கள் வீடுகளில் அன்று ரொறொன்ரோவும் லண்டனும் மெல்பேணும் வந்து தங்கியிருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குளியலறை, ஒரு வெந்நீர்த் தாங்கி. செவன் ஹில்ஸில் என் வீட்டில் மாமியார் முதலில், பிறகு விருந்தினர், பிறகு கணவர். என் முறை வந்தபோது வெந்நீர் முடிந்திருந்தது. யூலை மாதம், இங்கே நடுக் குளிர்காலம். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஓடினேன். வழியில் ரயில் கடவைக்குப் பக்கத்தில் வீதித் திருத்த வேலை.

மண்டபக் கதவு மூடியிருந்தது. எங்கள் ஆட்கள் ஒவ்வொரு காராக வந்து இறங்கினார்கள். ஆண்களின் தோளில் துவாய், பெண்களின் முதுகில் ஈரக் கூந்தல், நெற்றியில் புதுத் திருநீறு. நல்ல காரியத்துக்கு வருகிறோம் என்று சிலர் கோயில் உடுப்பே உடுத்திருந்தார்கள். செயலாளர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். எங்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார், கைகளை விரித்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. ஆனால் ரயில்வேயில் வேலை செய்தவர். நேரத்துக்குப் பிறகு கதவு திறக்கத் தெரியாது.

ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே குளிரில் நின்றோம். கதவு மூடுவதற்கு முன்பே குளித்துவிட்டு வந்து உள்ளே போயிருந்த நீங்கள், எண்ணி முடித்ததும் வெளியே வந்தீர்கள். தோற்றிருந்தீர்கள். வாக்கு வித்தியாசம், அங்கே ஈரத் தலையோடு நின்றவர்களின் தொகையைவிடக் குறைவு.

எங்கள் மொழியில் மன்னிப்புக் கேட்கச் சொற்கள் இருக்கின்றன. வீட்டு மனிதர்களிடம் அவற்றை எடுப்பதில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். மகேஸ் அன்ரி மட்டும் உங்களிடம் நடந்துவந்து, தன் துவாயை நீட்டினார்.

"தலையைத் துவட்டுங்கோ. சளி பிடிக்கப்போகுது."

என்ன சொல்கிறார் என்று கேட்டீர்கள். தடிமன் பிடிக்குமாம் என்றேன்.

"வேறொன்றும் சொல்லவில்லையா?"

"இல்லை."

"என் ஆசனம் போய்விட்டது. இவருக்குத் தடிமன்தான் கவலை."

"ஓம்."

துவாயை வாங்கித் தலையைத் துவட்டினீர்கள். கொஞ்சம் நேரம் எடுத்தீர்கள். உங்களுக்கு அவ்வளவு முடி இல்லை.

நான்தான் அன்று உங்களைக் காரில் கொண்டுபோய் விட்டேன். தரிப்பிடத்தில் ஏன் ஒரு சொல் சொல்லவில்லை என்று கேட்டேன். சிவப்பு விளக்கில் நின்றோம். "எனக்கு வாக்களித்தவர்களுக்கெல்லாம் ஏதாவது தேவை இருந்தது. தவறில்லை, அதற்குத்தான் நான் இருந்தேன். இன்று அந்த அம்மா எனக்கு நல்லது நடக்க வேண்டும் என்றார். அதை அவசரப்படுத்த மனம் வரவில்லை" என்றீர்கள். பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார்.

அடுத்த வருடம் இறங்கினீர்கள். எங்கள் விழா மேடைகளில் சட்டத்தரணி தோளை நீட்டினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். பாதசாரிக் கடவைக்கு அவர் விளக்குப் போட்டுத் தந்தார். உங்களுக்கு அழைப்பிதழ்கள் நின்றுபோயின. ஆனால் அழைப்பு இல்லாத வாசல் ஒன்று எங்களிடம் இருந்ததே. காலையில் எந்தப் பக்கம் நடப்பதென்று தெரியாமல் இருந்தவர், மரண அறிவித்தல்களைப் பார்த்து நடக்கத் தொடங்கினீர்கள். பின்வரிசையில் வந்து இருப்பீர்கள். பேச அழைத்தால் கையை ஆட்டி மறுப்பீர்கள். பதவியில் இருந்தவருக்கு வந்த கூட்டத்தைவிட, பதவி இல்லாத உங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டவர்கள் அதிகம்.

இந்தக் குளிர்காலத்தில் நீங்கள் போனீர்கள். சட்டசபையில் இரங்கல் பேசினார்கள். நீங்கள் பேசாத விஷயங்களுக்காக உங்களைப் புகழ்ந்தார்கள். தேவாலயம் நிறையச் சேலைகள். சேவை முடிந்து தேநீருக்கு அழைத்தபோது எங்கள் ஆட்கள் ஒருவரிடமும் சொல்லாமல் கலைந்து போனார்கள். மரியாதை தெரியாதவர்கள் என்று யாரோ சொல்வது கேட்டது. விளக்கப் போகவில்லை. நானும் கலைந்து போனவள்தான்.

கிளைச் செயலாளர் ஓய்வுபெற்றுவிட்டார். அந்தப் பொறுப்பை ஏற்க ஒருவரும் கை தூக்காததால் அது என்னிடம் வந்தது. உங்கள் கட்சியில் பதவிகள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கின்றன. போன மாதம் உள்ளூராட்சிச் சபைக்கான தெரிவு நடந்தது. நேரமானதும் கதவைப் பூட்டினேன். விதி விதிதான், அதை நீட்டித் தரச் சொன்ன ஒருவரிடம் முடியாது என்றும் சொன்னேன். ஆனால் பூட்டுவதற்கு முன் வெளியே இறங்கி, தரிப்பிடத்தின் கடைசிவரை நடந்து, வீதி வளைவைப் பார்த்துவிட்டு வந்தேன். யாராவது தலையைத் துவட்டாமல் காரை விட்டு இறங்கி ஓடி வருகிறார்களா என்று. ஒருவரும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தேன்.